திருப்பூர் பனியன் கம்பெனியில் ‘தொழிலாளர் ஊக்கத் திட்டம்’: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோவையில் இருந்து ஒரு நிறுவனம் எங்கள் கம்பெனிக்கு விற்ற ‘தொழிலாளர் ஊக்கத் திட்டம்’ என்ற சேவையில் ஐந்து பகுதிகள் இருந்தன. அதில் இரண்டு, கொடுத்த காசுக்கு மேலேயே பலன் தந்தன. ஒன்றை மாற்றி அமைத்த பிறகு பரவாயில்லை என்று ஆனது. ஒன்றை நிறுத்திவிட்டோம். இன்னொன்றைத் தொடங்கவே நான் விடவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரிச் சேவையை இப்போது பலர் விற்கிறார்கள், உள்ளே இருக்கும் சாமான்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் கம்பெனிக்கு யார் வந்து விற்றாலும் எதை வாங்குவது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய இது உதவினால் போதும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டத் தொடங்கியவள். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படித்து, இப்போது பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நல அலுவலராக இருக்கிறேன். சுமார் இருநூறு பேர். பாதிக்கு மேல் பெண்கள். டெய்லர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் ஆட்கள் நிறைய. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின்கள் எல்லாம் வரிசையாக லைனில் ஓடும். செக்கிங், அயனிங், பேக்கிங் மேல் மாடியில்.

எங்கள் தொழிலில் ஆள் நிலைத்து நிற்பது எவ்வளவு பெரிய பாடு என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று ரயில் வந்து நிற்கும் வரை தெரியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த தெருக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிளாட்லாக் டெய்லர் போனால் அந்த மெஷின் மட்டும் நிற்காது, அவருக்குப் பின்னால் உள்ள ஆட்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அந்த இடத்தை நிரப்ப ஏஜென்டுக்குக் காசு கொடுத்து, புது ஆள் கை பழகும்வரை ஆல்டர் பீஸ் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை) குவிந்து, கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அதனால்தான் எங்கள் முதலாளி இந்தச் சேவையை வாங்கச் சம்மதித்தார். ஆளுக்கு மாதம் 90 ரூபாய், சூப்பர்வைசர் பயிற்சிக்குத் தனிக் கட்டணம்.

முதலில் புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு டெய்லருக்கும் அன்றைய உற்பத்தியை வைத்துப் புள்ளி போட்டு, செயலியில் காட்டுவார்கள். லைன் முனையில் ஒரு டிவி. அதில் முதல் பத்துப் பேர் பச்சையில், கடைசிப் பத்துப் பேர் சிவப்பில். மாதக் கடைசியில் புள்ளிகளுக்குப் பரிசுக் கூப்பன்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று ‘சாம்’ போட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அதைத் தைத்த பீஸால் பெருக்கி, உட்கார்ந்திருந்த நிமிடத்தால் வகுப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் லைனில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் ஓட்டை உடனே தெரியும். ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஓடும்போது கை மடக்குகிறவர், சைடு அடிக்கிறவர் எல்லாம் பறப்பார்கள். போலோ டி-ஷர்ட் வந்தால் பிளாக்கெட் (கழுத்துக்குக் கீழே பட்டன் வரும் பட்டி) வைக்கிற இடத்தில் சரக்கு தேங்கும். தேங்கினால் அதற்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தைக்க வேண்டிய துணிக்கட்டு (பண்டில்) வராமல் சும்மா இருப்பார். அவர் பெயர் சிவப்பில் வரும். ஸ்டைல் மாறும் முதல் நாள் லைனே சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பில் ஒரு நாள், மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அரை ஷிப்டு வந்த அக்கா ஒருவரின் பெயரும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

முதல் மாதம் முடிந்ததும் கூப்பன் கொடுத்தபோது சண்டை வந்தது. தொகை சின்னது. ஆனால் பக்கத்து மெஷின்காரிக்கு ஏன் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் “சிஸ்டம் போட்டதும்மா” என்றார். இதைவிடக் கோபமூட்டும் பதில் கிடையாது.

இது எங்கள் கம்பெனியில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. ஒடிசாவில் தொழிற்கூடம் அமைத்து பொருளாதார ஆய்வாளர்கள் பிரெசா, கவுர், ஷாம்தாசனி மூவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. சிறு குழுக்களாகத் தொழிலாளர்களை உட்கார வைத்து, சில குழுக்களில் எல்லாருக்கும் ஒரே கூலி, சில குழுக்களில் வெவ்வேறு கூலி கொடுத்தார்கள். தன்னைவிடப் பக்கத்து ஆளுக்கு அதிகம் என்று தெரிந்தவர்களின் உற்பத்தி குறைந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளி குறைந்தது. ஒரு நாள் வராமல் போனால் அன்றைய கூலி போகும் என்று தெரிந்தும் வரவில்லை. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் கண்ணால் பார்க்க முடிந்த இடத்தில் இந்தப் பாதிப்பு இல்லை. வித்தியாசம் இருக்கலாம், அதற்கான காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் டிவி இதற்கு நேர் எதிராக இருந்தது. வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் காட்டியது, காரணத்தை மறைத்தது.

நாங்கள் செய்த மாற்றம் இதுதான். சிவப்புப் பட்டியலை எடுத்துவிட்டோம். தனி ஆள் புள்ளியை லைன் புள்ளியாக மாற்றினோம். லைன் இலக்கைத் தொட்டால் கைமடிகள் (டெய்லருக்கு உதவும் ஆட்கள்) உட்பட அந்த லைனில் உள்ள எல்லாருக்கும் சமமாகத் தொகை. ஸ்டைல் மாறும் நாள், கரண்ட் போன நேரம், துணி வராத நேரம் கணக்கில் சேராது. இவ்வளவையும் தமிழிலும் இந்தியிலும் ஒரு பெரிய சார்ட்டில் எழுதி மாட்டினோம். யார் வேண்டுமானாலும் பேனாவை எடுத்து அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்க்கவும் செய்தார்கள். ஒரு வாரம் எங்கள் கணக்கில் இருந்த தவறை ஓவர்லாக் அடிக்கும் ஜார்க்கண்ட் பையன் ஒருவன்தான் சுட்டிக்காட்டினான். அன்றைக்கே திருத்திக் கூடுதல் தொகை கொடுத்தோம். அதற்கு அப்புறம் இந்தத் திட்டத்தை யாரும் சந்தேகமாகப் பேசவில்லை.

செயலி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பெண்களில் பலரிடம் சொந்தமாக ஸ்மார்ட்போன் இல்லை. இருக்கிற போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். தமிழ், இந்தி, ஆங்கிலம் இருக்கிறது, ஒடியா இல்லை. விற்க வந்தவர்கள் காட்டிய அழகான திரைகளை எங்கள் ஆட்களில் கால்வாசிப் பேர்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். சுவரில் ஒட்டிய சார்ட்தான் வேலை செய்தது. அதற்கு ஆளுக்கு 90 ரூபாய் தேவையில்லை.

இதற்குப் பதில், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டுக்கே போய்விடலாமே என்று சிலர் கேட்பார்கள். பீஸ் ரேட் உற்பத்தியைக் கூட்டும், அதில் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் கம்பெனி 1994–95இல் மணிக்கூலியில் இருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியது. அதை ஆராய்ந்த எட்வர்ட் லேசியர் என்ற பொருளாதார அறிஞர், ஓர் ஆளின் உற்பத்தி 44 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார். ஆனால் அதில் ஏறக்குறைய பாதிதான் அதே ஆட்கள் கூடுதலாகச் செய்தது. மீதி, வேகமானவர்கள் வந்து சேர்ந்து, மெதுவானவர்கள் விலகியதால் வந்தது. அந்த வேலையை ஒரே ஆள் தொடங்கி அவரே முடிக்கிறார், கண்ணாடி சரியில்லை என்றால் யார் மாட்டியது என்று தெரியும். ஒரு டி-ஷர்ட் எங்கள் லைனில் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் ஆல்டர் வந்தால் அது யாருடைய தையல் என்று தேடுவதிலேயே அரை நாள் போகும்.

இரண்டாவது பகுதி முழு வருகைப் பரிசு. மாதம் முழுக்க விடுப்பு எடுக்காமல், தாமதம் ஆகாமல் வந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு மிக்ஸி, குக்கர், புடவை. முதல் மாதம் கைதட்டலும் சத்தமுமாக நன்றாகவே இருந்தது.

பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிந்தது. மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒரு நாள் விட்டுப்போனவர்கள், “இனிமேல் எப்படியும் கிடைக்காது” என்று இரண்டாவது, மூன்றாவது விடுப்பும் தாராளமாக எடுத்தார்கள். இன்னொரு பக்கம், காய்ச்சலோடு வந்து மெஷினில் தலை சாய்ந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அதிகம் வலித்தது மூன்றாவது வகை. பல ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல், யாரும் சொல்லாமலே நேரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். குலுக்கலில் அவர்கள் பெயர் வரவில்லை. நேற்றுச் சேர்ந்தவருக்குக் குக்கர். பேக்கிங்கில் இருக்கும் மூத்த அக்கா என்னிடம் வந்து, “இத்தனை வருஷம் நான் வந்தது குக்கருக்காகன்னு நினைச்சுட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கப்ளர், லார்கின், பியர்ஸ் என்ற மூவர் அமெரிக்காவில் தொழிற்சாலை அளவில் இயங்கும் சலவைக்கூடங்களில் இதே மாதிரிப் பரிசைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஐந்து கூடங்களில் ஒன்றில் மட்டும் முழு வருகைக்குக் குலுக்கல் பரிசு. விளைவு நான் பதிவேட்டில் பார்த்ததேதான். ஆட்கள் பரிசுக்குத் தகுதியாக இருக்கும் வரை நேரத்துக்கு வந்தார்கள், தகுதி போனதும் பழையபடி ஆனார்கள். ஏற்கெனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் உற்பத்தித் திறன் 6 முதல் 8 சதவீதம் குறைந்தது. மொத்தக் கூடத்துக்கும் கணக்குப் பார்த்தால் உற்பத்தித் திறனில் 1.4 சதவீதம் நஷ்டம். இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் முதலாளி நிறுத்தச் சம்மதித்தார். குலுக்கலுக்கு வைத்த பணத்தில் இப்போது சேவைக் கால அடிப்படையில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறு தொகை தருகிறோம். அந்தப் பேக்கிங் அக்காவின் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விற்க வந்தவர்களின் விளக்கப் படத்தில் தீபாவளி போனஸையும் ‘ஊக்கப் பரிசு’ என்று சேர்த்திருந்தார்கள். போனஸ் பரிசு இல்லை. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம், தகுதி உள்ள தொழிலாளிக்குச் சேர வேண்டிய உரிமை அது. பிஎஃப், இஎஸ்ஐ, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி இவையும் அப்படியே. இதையெல்லாம் முதலாளியின் பெருந்தன்மை மாதிரிக் காட்டுகிற எந்தத் திட்டத்தையும் தொழிலாளி நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள்.

தொடக்க நாளில் ஒரு பேச்சாளரை அழைத்து வந்து இரண்டு மணி நேரம் உற்சாக உரை நடத்தினார்கள். நன்றாகப் பேசினார். மறுநாள் காலை லைனில் எதுவும் மாறவில்லை. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது பகுதியான சூப்பர்வைசர் பயிற்சிதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் உயிர்.

எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லாரும் டெய்லராக இருந்து மேலே வந்தவர்கள். தையல் தெரியும். ஆட்களை நடத்துவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்கள் டெய்லராக இருந்தபோது எப்படித் திட்டு வாங்கினார்களோ அப்படியே இப்போது திட்டுகிறார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் “வீட்ல விசேஷம்க்கா”, “ஊர்ல அம்மாவுக்கு முடியல” என்பார்கள். பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கும்போது கேட்டால் உண்மை வரும். “எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசிட்டாருக்கா.” சம்பளம் பத்தாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கம்பெனியிலும் அதே ஷிப்டு கூலிதான் என்று தெரிந்தும் போகிறவர்கள், ஒரு சூப்பர்வைசரின் வாய்க்குப் பயந்துதான் ஓடுகிறார்கள்.

பயிற்சி வாரம் ஒரு மதியம், மூன்று மாதம் போல நடந்தது. பயிற்சி கொடுத்தவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் நம் ஆட்கள் அவரை மதித்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு தையல் தவறாக வந்தால் பீஸைத் தூக்கி எறியாமல், மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையால் செய்து காட்டு. திட்ட வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல், பாராட்ட வேண்டியதை லைனில் வைத்துச் சொல். பாராட்டும்போது “சூப்பர்” என்று பொதுவாகச் சொல்லாமல், எது நன்றாக இருந்தது என்று சொல். விடுப்பில் இருந்து திரும்பியவரிடம் முதலில் வீட்டு நிலைமையைக் கேள், அப்புறம் டார்கெட்டைச் சொல். புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் அவர் மொழி பேசும் ஒருவரை உட்கார வை, முதல் இரண்டு வாரம் இலக்குக் கேட்காதே.

இந்தக் கடைசி விஷயம் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது. எங்கள் பதிவேட்டைப் புரட்டினால் விட்டுப் போகிறவர்களில் மிகப் பெரும் பகுதி சேர்ந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே போகிறார்கள். அந்த வாரங்களைத் தாண்டியவர்கள் பொதுவாக நிற்கிறார்கள். பயிற்சிக்குப் பிறகு அந்த ஆரம்ப ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படிக் குறைந்தது. மூன்றாவது லைன் சூப்பர்வைசர் முன்பெல்லாம் குரல் எடுத்தால் மேல் மாடி வரை கேட்கும். இப்போது அவர் லைனுக்கு மாற்றல் கேட்டு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள்.

எல்லாரும் மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் பயிற்சியில் தலையாட்டிவிட்டு லைனில் பழையபடியே நடந்தார். அவரை லைனில் இருந்து எடுத்து கட்டிங் பக்கம் மாற்ற வேண்டி வந்தது. முதலாளி அதைச் செய்யத் தயாராக இல்லை என்றால் இந்தப் பயிற்சிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

தொழிலாளர்களுக்கே இப்படிப் பயிற்சி கொடுத்துப் பலன் கண்டவர்களும் உண்டு. பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் திறன், நேர நிர்வாகம், பணச் சேமிப்பு, பிரச்சினையைத் தீர்ப்பது போன்றவற்றைக் கற்றுக்கொடுத்த ‘பேஸ்’ என்ற திட்டத்தை அச்யுத அத்வர்யு குழுவினர் ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் கூடியது, கம்பெனி போட்ட பணம் இரண்டு மடங்குக்கும் மேலாகத் திரும்பி வந்தது. எங்கள் சேவையில் தொழிலாளர் பயிற்சி கிடையாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நான்காவது பகுதி குரல் வசதி. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு செய்யலாம். பெயர் சொல்ல வேண்டாம். ஒரு வாரத்துக்குள் பதில், அந்தப் பதில் அறிவிப்புப் பலகையில் வரும். ஸ்மார்ட்போன் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இதை யோசித்தவர்களுக்கு என் கைகுலுக்கல்.

முதல் வாரங்களில் வந்தவை எல்லாம் நாங்கள் தினமும் தாண்டிப் போகிற விஷயங்கள். டாய்லெட் போக டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது. மேல் மாடியில் குடிதண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்று சம்பளச் சீட்டில் தனியாக இல்லை. சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே அயனிங் டேபிளில் நிற்க முடியவில்லை. டோக்கனை ரத்து செய்தோம். அதனால் உற்பத்தி குறையும் என்று பயந்தார்கள், குறையவில்லை. சம்பளச் சீட்டை மாற்றினோம். கூரையில் காற்று வெளியேற்றும் சுழலிகள் வைத்து, குழல் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினோம். இந்த விளக்கு விஷயம் சின்னதாகத் தெரியும். பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் இதையும் அதே அத்வர்யு, தன் சகாக்களோடு ஆராய்ந்திருக்கிறார். எல்இடி விளக்கு குறைவாகச் சூடு தருவதால், வெயில் அதிகமான நாட்களில் வரும் உற்பத்திச் சரிவைப் பெருமளவு தடுத்தது என்பது முடிவு. மின்சாரம் மிச்சம் என்று போட்ட விளக்கு ஆட்களுக்கும் நல்லதாக அமைந்தது.

பேச விடுவதால் ஆள் நிற்பாரா என்று கேட்டால், நிற்பார் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2016-இல் ஒரு கூலி உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து இந்திய ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏமாந்த சமயத்தில், அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, மேலாளர், சூப்பர்வைசர் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விடுவது, கேட்கப்படாதவர்களைவிட 20 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்டதற்கே இவ்வளவு. கேட்டுவிட்டு டோக்கனையும் எடுத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்தோம்.

ஆனால் இந்தப் பகுதியில் ஓர் ஆபத்தான ஓட்டை இருந்தது, இதை யார் விற்றாலும் சோதித்துப் பாருங்கள். பதிவாகும் எல்லாக் குரலும் ஒரே திரையில் வரும்படி வைத்திருந்தார்கள், அந்தத் திரை புரொடக்‌ஷன் மேனேஜரின் கணினியிலும் திறந்தது. ஒரு பெண் பாலியல் தொல்லை பற்றிப் பேசினால், அது யாரைப் பற்றியதோ அவரே கேட்கக்கூடிய நிலை. குரலை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் போக வேண்டிய புகார் உற்பத்தித் திரையில் வரக்கூடாது. இதைச் சொன்னதும் சேவை நிறுவனத்தார் “மற்ற கம்பெனிகள் யாரும் கேட்கவில்லையே மேடம்” என்றார்கள். மாற்றும் வரை வசதியைத் திறக்க மாட்டேன் என்று நின்றேன். மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அழைப்பில் 2 அழுத்தினால் குழுவில் உள்ள வெளி உறுப்பினருக்கு மட்டும் பதிவு போகிறது.

ஐந்தாவது பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நிலைத்திருப்பு ஊக்கத்தொகை’. மாதா மாதம் ஒரு தொகையைத் தொழிலாளியின் கணக்கில் ஒதுக்கி வைத்து, இரண்டு ஆண்டு முடிந்தால் மொத்தமாகக் கொடுப்பது. நடுவில் போனால் எதுவும் கிடையாது.

இதை வாசித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நான் வேடசந்தூர் பக்கத்துக்காரி. எங்கள் பக்கமும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமும் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது பெரும்பாலோருக்குத் தெரியும். கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டுக்கு விடுதியில் சேர்த்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கல்யாணச் செலவுக்குத் தருவதாகச் சொல்லுவார்கள். அது ஆலை தந்த கொடை அல்ல, அவள் கூலியில் இருந்து நிறுத்தி வைத்த பணம். நடுவில் உடம்பு முடியாமல் போனாலும் வீட்டுக்கு வந்துவிட்டால் தொகை கைக்கு வராது. என் சித்தி மகள் அப்படி ஓர் ஆலையில் இருந்தாள். மூன்று ஆண்டு முடியக் கொஞ்ச மாதங்களே இருந்தபோது ரத்தசோகையும் இருமலுமாக வந்து படுத்தாள். பணம் வரவில்லை. என் சித்தப்பா ஆலை வாசலுக்கு எத்தனையோ முறை போய் நின்று பார்த்தார்.

எங்களிடம் வந்த திட்டம் அவ்வளவு கொடுமையானது என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பெரியவர்கள், விடுதிக் கதவு பூட்டப்படுவதில்லை, மாதக் கூலியில் கை வைக்கவில்லை. ஆனால் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். போனால் இழப்பாய் என்று பயமுறுத்தி ஒருவரை இருத்தி வைப்பது. அப்படி இருப்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும், மனசு வெளியே போய்விட்டிருக்கும். ஆள் நிற்கும் விகிதம் காகிதத்தில் அழகாகத் தெரியும்.

முதலாளி இதில் ஆசைப்பட்டார். அவருக்கு நான் ஹென்றி ஃபோர்டின் கதையைச் சொன்னேன். 1913-இல் டெட்ராய்ட் ஆலையில் ஆள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம். நகரும் அசெம்பிளி லைன் வந்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேரம் என்று அறிவித்தார். 1915-இல் அந்த விகிதம் 16 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பணம் சம்பள நாளன்றே கைக்கு வந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. ஐந்து டாலரில் பாதிப் பணம் லாபப் பங்கு என்ற பெயரில், வீட்டுக்கு வந்து குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வாளர்கள் சம்மதித்தால்தான் கிடைத்தது. எனவே கொடுக்கிற பணத்தைக் கூலியோடு சேர்த்து, சனிக்கிழமையே, நிபந்தனை இல்லாமல் கொடுங்கள் சார் என்றேன். யோசித்துச் சரி என்றார். ஒதுக்கி வைக்கச் சொன்ன தொகையில் பாதியை ஷிப்டு கூலியில் சேர்த்தோம். முழுசாகச் சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து, அதற்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பலன் எப்படி என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டைவிட விட்டுப் போனவர்கள் குறைவு. பொங்கலுக்குப் பிறகு லைன் முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பியது. ஆல்டர் குறைந்தது. இது முழுக்க இந்தச் சேவையால் என்று நான் எழுத மாட்டேன். அதே ஆண்டில் கூலி உயர்ந்தது, ஆர்டரும் சீராக வந்தது. ஆனால் சூப்பர்வைசர் பயிற்சி முதலில் முடிந்த லைன்களில் மாற்றம் முதலில் தெரிந்தது, பிறகு முடிந்த லைன்களில் பிறகு தெரிந்தது. அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் நான் தைரியமாகச் சாட்சி சொல்வேன்.

யாருக்கு இது பொருந்தும்? சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போகிற கம்பெனிக்கு இதில் ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம், அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கு வையுங்கள். கூலி, பிஎஃப், தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஆள் நிற்கவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது பகுதிகளை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேளுங்கள். முதலில் முடியாது என்பார்கள். எங்களுக்குத் தந்தார்கள்.

இந்த ஆண்டு ஒப்பந்தத்தை அப்படித்தான் புதுப்பித்திருக்கிறோம். டிவி, செயலி, குலுக்கல் கிடையாது. ஆளுக்கு 90 ரூபாய் என்பது 40 ஆனது. குரல் வசதியில் ஒடியா மொழியையும் சேர்த்துத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது வந்து, ஒடிசா ஆட்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு, எப்படி இருக்கிறது என்று இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.